எடை குறைக்கும் சத்திரசிகிச்சை: ஆபத்து எந்த நாளில் வரும்?

கேள்வி:

எனக்கு 38 வயது, ஆசிரியை, திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறேன். உயரம் 158 சென்ரிமீற்றர், நிறை 104 கிலோ. 6 வருடமாகச் சீனி வருத்தம். மெற்போமின், கிளிக்கிளசைட் போடுகிறேன், போன வருடம் எம்பாகிளிபுளோசினும் சேர்த்தார்கள். பிரெஷரும் உண்டு. கோணேசர் கோயில் ஏற்றத்தில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கித்தான் ஏறுகிறேன். இரவில் நெஞ்செரிவு, இரண்டு தலையணை வைத்துத்தான் படுக்கை. குறட்டை தாங்காமல் மகள் அறை மாறிவிட்டாள். என் மச்சாள் சென்னையில் ‘ஸ்லீவ்’ என்ற, இரைப்பையை வெட்டிச் சிறிதாக்கும் சத்திரசிகிச்சை செய்து 10 மாதத்தில் 28 கிலோ குறைந்துவிட்டா. கட்டாரில் இருக்கும் கணவர் காசைப் பார்க்காமல் செய் என்கிறார். அம்மாவோ, நல்ல வயிற்றை வெட்டி எறிஞ்சு சாகப்போறியா என்று அழுகிறா. உயிராபத்து எவ்வளவு? ஒருதரம் செய்தால் அதோடு முடிந்ததா? கொழும்பில் செய்வதா, சென்னைக்குப் போவதா?

பதில்:

அம்மா கேட்டதற்கே முதலில் கணக்குச் சொல்லிவிடுகிறேன். 2009இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு, முதல் தடவையாக இந்தச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட 4,776 பேரை 30 நாள் பின்தொடர்ந்தது. இறந்தவர்கள் 0.3 வீதம். இறப்பையும் சேர்த்து, காலிலோ நுரையீரலிலோ இரத்தக்கட்டி, திரும்ப வயிற்றைத் திறக்கவேண்டி வந்தது, மாதம் ஒன்றாகியும் வீடு போகமுடியாதது என்று ஏதாவதொரு பெருஞ்சிக்கலைக் கண்டவர்கள் 4.3 வீதம். அதற்குப் பிறகு கருவிகளும் மயக்கமருந்து முறைகளும் நன்றாகத் திருந்தியிருக்கின்றன. பழகிய கைகளில் இன்றைக்கு இறப்பு 1,000 பேருக்கு 1 பேர் அளவில், பல இடங்களில் அதற்கும் கீழே. பித்தப்பை எடுக்கிற சத்திரசிகிச்சைக்குக் கிட்டத்தட்ட இதே கணக்குத்தான். பித்தப்பை எடுத்தவர்கள் இரண்டு மூன்று பேரையாவது அம்மாவுக்குத் தெரிந்திருக்கும், அவர்களைக் காட்டிச் சொல்லுங்கள்.

சும்மா இருந்தாலும் ஆபத்து இருக்கிறது என்பதையும் அதே மூச்சில் சொல்லுங்கள். 38 வயதில் சீனி, பிரெஷர், இந்த நிறை, அந்தக் குறட்டை எல்லாம் ஒரே உடம்பில் சேர்ந்திருப்பது இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லதல்ல. சுவீடனில் 1987இல் தொடங்கிய நீண்ட ஆய்வொன்றில், சத்திரசிகிச்சை செய்தவர்கள் செய்யாதவர்களைவிடக் குறைவாகவே இறந்தார்கள். உங்கள் வழக்கில் கத்தியை எடுத்தவுடன் நிராகரிக்க எனக்குக் காரணம் தெரியவில்லை. ஆனால் மச்சாள் செய்த அதே ஸ்லீவை நீங்களும் செய்யலாமா என்றால், உங்கள் நெஞ்செரிவைப் பார்க்காமல் அதற்கு ஓம் சொல்லமாட்டேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

தகுதி பற்றி நீட்டத் தேவையில்லை. உங்கள் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கேற்ற நிறைக் கணக்கு, கிளினிக் கொப்பியில் எழுதுவார்களே, அது 41.7. 1991இல் வந்த பழைய விதிப்படி 40க்கு மேல் என்றாலே தகுதி. 2022இல் திருத்திய சர்வதேச வழிகாட்டல் அதை 35 ஆக்கியது, ஆசிய உடல்வாகுக்கு 27.5 என்றும் இறக்கியது. எந்தக் கணக்கிலும் நீங்கள் உள்ளே.

1,000க்கு 1 என்ற அந்த எண் ஒன்றை மறைக்கிறது: எந்த நாளில், எந்த இடத்தில் என்பதை. சத்திரசிகிச்சை மேசைமேல் நீங்கள் படுத்திருக்கும் இரண்டு மணித்தியாலம்தான் உள்ளதிலேயே பாதுகாப்பானது. தலைமாட்டில் மயக்கமருந்து நிபுணர், விரலில் ஒட்சிசன் மானி, சுற்றிவர ஆட்கள். சிக்கல்கள் பெரும்பாலும் ஆட்கள் கலைந்த பிறகுதான் தலைகாட்டும். ஐந்தாம் நாள் லொட்ஜ் அறையில், பன்னிரண்டாம் நாள் இரவு மெயில் ரயிலில், மூன்றாம் மாதம் வீட்டில் விடாத வாந்தியாய், ஏழாம் வருடம் நடக்கும்போது கால் மரத்துப்போய். திருகோணமலைக்கும் கொழும்புக்கும் இடையில் ஏறத்தாழ 260 கிலோமீற்றர். உங்களுக்கு வெட்டியவர் அங்கே இருப்பார், நீங்கள் இங்கே இருப்பீர்கள். உங்கள் தனிப்பட்ட ஆபத்தைக் கூட்டிக் குறைக்கப்போவது இந்த இடைவெளிதான்.

இனி நெஞ்செரிவு. ஸ்லீவ் என்றால் என்ன செய்கிறார்கள் என்று கிட்ட வைத்துப் பார்த்தால் காரியம் விளங்கும். வாய்வழியாக ஒரு மெழுகுதிரி போன்ற குழாயை இரைப்பைக்குள் இறக்குவார்கள். சின்னவிரல் பருமன், 12 முதல் 13 மில்லிமீற்றர். அதை அச்சாக வைத்துக்கொண்டு, பக்கத்தில் 6 சென்ரிமீற்றர் நீளத் தாடை உள்ள ஸ்ரேப்ளரால் கீழிருந்து மேலாக இரைப்பையைக் கடித்துக்கொண்டு போவார்கள். ஒவ்வொரு கடிக்கும் இரண்டு பக்கமும் மும்மூன்று வரிசை ரைற்றேனியம் கம்பி இறங்கும், நடுவே கத்தி ஓடும். ஐந்தாறு கடியில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் தனியாகக் கழன்று வெளியே வந்துவிடும். மிச்சம் ஒரு வாழைப்பழம் போன்ற குழாய், கொள்ளளவு 100 முதல் 150 மில்லிலீற்றர், அதாவது சின்னத் தேத்தண்ணிக் கோப்பை ஒன்று. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஓமோன் பெரும்பாலும் சுரப்பது வெட்டியெடுத்த அந்த மேற்பகுதியில்தான். அதனால்தான் முதல் வருடம் பசியே எடுக்கவில்லை என்பார்கள். எடுத்த துண்டைத் திரும்ப ஒட்ட முடியாது.

அந்தக் குழாயின் கீழ்வாசல் வழக்கம்போல இறுகி மூடித்தான் இருக்கும். முன்பு விரிந்து கொடுத்த பை இப்போது விரியாத குழாய். ஆகவே உள்ளே அழுத்தம் கூடும். அழுத்தம் கூடினால் அமிலத்துக்குப் போக வழி மேலேதான். சுவிற்சர்லாந்தில் ஸ்லீவையும் வயிற்றுப் பைபாஸ் என்ற மற்ற முறையையும் 5 வருடம் ஒப்பிட்டு 2018இல் வெளியிட்ட ஆய்வில், ஏற்கனவே நெஞ்செரிவு இருந்தவர்களில் ஸ்லீவுக்குப் பிறகு அது மோசமானவர்கள் 31.8 வீதம், பைபாசுக்குப் பிறகு 6.3 வீதம். இரண்டு தலையணையில் படுக்கிறவருக்கு இது சின்ன வித்தியாசமல்ல. நெஞ்செரிவு தாங்காமல் சில வருடத்தில் ஸ்லீவைப் பைபாசாக மாற்றிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டாவது சத்திரசிகிச்சை முதலாவதைவிட எப்போதும் ஆபத்துக் கூடியது.

எனவே உங்கள் முதல் வேலை எந்த மருத்துவமனை என்று தேடுவதல்ல, ஓர் எண்டோஸ்கொப்பி. உணவுக்குழாயின் அடியில் புண் எந்தத் தரத்தில் இருக்கிறது, இரைப்பையின் மேல்நுனி உதரவிதான ஓட்டையால் மேலே ஏறியிருக்கிறதா, உட்தோல் நிறம் மாறிய பரட் நிலை இருக்கிறதா, எச். பைலோரி கிருமி இருக்கிறதா என்ற நாலுக்கும் அறிக்கையில் பதில் வேண்டும். கடுமையான புண்ணோ பரட் நிலையோ இருந்தால் ஸ்லீவைப் பற்றிய பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். கிருமி இருந்தால் முன்கூட்டியே மருந்தெடுத்து அழிக்கவேண்டும். எண்டோஸ்கொப்பி செய்யாமலே திகதி தருகிற இடத்தை நான் நம்பமாட்டேன்.

பைபாஸ் என்றதும் ஊரில் நெஞ்சைப் பிளப்பதைத்தான் நினைப்பார்கள். இது வயிற்றுப் பைபாஸ். இரைப்பையின் மேல்முனையில் 30 மில்லிலீற்றர் அளவில் ஒரு சின்னப் பை செய்து, சிறுகுடலைக் கொண்டுவந்து அதில் பொருத்திவிடுவார்கள். மிச்ச இரைப்பை உள்ளேயே இருக்கும், சாப்பாடு அதன்வழி போகாது. நெஞ்செரிவுக்கும் சீனிக்கும் இது பெரும்பாலும் நல்ல தெரிவு. அதற்கான விலை வேறு. பொருத்திய இடத்தில் புண் வரலாம். புகைப்பதும் டைக்ளோபெனாக், ஐபுபுரோபன் வகை வலிக் குளிசைகளும்தான் முக்கிய காரணம். பல்வலிக்கென்று பார்மசியில் வாங்கிய ஒரு சரை டைக்ளோபெனாக்கிலேயே புண் ஓட்டையாகிவிடலாம். இனி உங்களுக்குப் பரசிற்றமோல்தான். குடலை இடம் மாற்றியதால் உண்டாகும் இடுக்குகளில் குடல் நுழைந்து முறுக்கிக்கொள்வதும் உண்டு. நிறை நன்றாக இறங்கிய பிறகு, ஒரு வருடமோ மூன்று வருடமோ கழித்து, சாப்பிட்டதும் தொப்புளுக்கு மேலே முறுக்கி எடுக்கும் வலியாக வரும். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது, சிலவேளை சிடி ஸ்கானிலும் தெரியாது. “காஸ்” என்று ஊசி போட்டு அனுப்பிவிடுகிற வலி இதுதான். இன்னொன்று, தயிரும் பாணியும் ஒரு கோப்பை சாப்பிட்டீர்கள் என்றால் அரைமணிக்குள் நெஞ்சு படபடத்து, வேர்த்து, வயிற்றோட்டமாகும். சிலருக்கு இரண்டு மணித்தியாலம் கழித்துச் சீனி தலைகீழாக இறங்கி மயக்கம் வரும்.

எந்த முறையானாலும் முதல் இரண்டு வாரத்தில் பயப்படவேண்டியது கசிவுக்கு. கம்பி வரிசையில் எங்கோ ஓர் ஊசித்துளை திறந்து, இரைப்பைச் சாறு வயிற்றுக்குள் இறங்குவது. 100 பேரில் ஒருவருக்கு வரும். ஸ்லீவில் அநேகமாக உச்சியில், உணவுக்குழாயோடு சேருமிடத்தில்தான் வரும். அங்கே சுவர் மெல்லிசு, இரத்த ஓட்டமும் குறைவு, கீழ்வாசல் மூடியதால் ஏறும் அழுத்தம் முழுதும் அந்த நுனியில்தான் முட்டும். மூன்றாம் நாளிலும் வரலாம், வீடு வந்து மூன்றாம் வாரத்திலும் வரலாம். கடும் வயிற்றுவலியை எதிர்பார்த்துக் காத்திருந்தால் ஏமாந்துபோவீர்கள். பருத்த உடம்பில் வயிறு கல்லாக இறுகுவதெல்லாம் பிந்தித்தான். முதலில் கூடுவது நாடி. சும்மா படுத்திருக்கும்போது நிமிடத்துக்கு 100க்கு மேலே நின்றால் வெட்டியவருக்கு உடனே அழைப்பு எடுக்கவேண்டும், 120 தாண்டினால் உடனே அம்புலன்ஸ் வண்டி. கூடவே இடது தோளில் வலி, காய்ச்சல், மூச்சு முட்டல், “என்னவோ சரியில்லை” என்ற பதற்றம். பிரெஷருக்கு அட்டெனொலோல் வகைக் குளிசை போடுகிறவர்களுக்கு நாடி கூடாமலே கசிவு வரலாம், உங்கள் பிரெஷர்க் குளிசை எது என்று பார்த்துவையுங்கள். வீட்டில் பிரெஷர் மெசின் இருந்தால் நாடியையும் அதுவே காட்டும். முதல் மூன்று வாரம் காலையும் இரவும் எழுதிவையுங்கள்.

கசிவு வந்தால் உயிர் போய்விடும் என்றில்லை. அன்றைக்கே கண்டுபிடித்தால் வடிகுழாய், அன்ரிபயோற்றிக், ஓட்டையை உள்வழியாக மூடும் ஸ்ரென்ற் குழாய் என்று கையாளலாம், வாரக்கணக்கில் படுக்கையும் செலவும் ஆகும். மூன்று நாள் பிந்தினால்தான் கதை மாறுகிறது.

இரத்தக்கட்டி அடுத்தது. இந்தச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு இறப்பவர்களில் கணிசமானவர்களைக் கொல்வது காலில் உறைந்து நுரையீரலுக்குப் போகும் கட்டி, அது பெரும்பாலும் வாட்டைவிட்டுப் போன பின்புதான் வருகிறது. வெட்டிய அன்று மாலையே எழுந்து நடக்கவைப்பார்கள், வலிக்கிறது என்று மறுக்காதீர்கள். இரத்தம் உறையாமல் தடுக்கும் எனொக்சபரின் ஊசியை வீட்டிலும் இரண்டு முதல் நாலு வாரம் போடச் சொன்னால், எண்ணி வாங்கிக்கொண்டு வாருங்கள், வழியில் தேடமுடியாது. வாகனத்தில் வருவதென்றால் மணித்தியாலத்துக்கு ஒருதரம், குருணாகல், தம்புள்ளை, ஹபறணை என்று நிறுத்தி இறங்கி ஐந்து நிமிடம் நடக்கவேண்டும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி நொந்தால் எண்ணெய் போட்டு உருவக்கூடாது, ஸ்கான் எடுக்கவேண்டும். ஒஸ்ரஜன் உள்ள கர்ப்பத்தடை மாத்திரை போடுகிறவரானால் நாலு வாரம் முன்பே வைத்தியரிடம் சொல்லி வேறு முறைக்கு மாறவேண்டும், அதுவும் இரத்தத்தை உறையவைக்கும்.

முதல் மாதத்தில் ஆட்களை அதிகம் திரும்ப வாட்டுக்கு அனுப்புவது இவை ஒன்றுமில்லை, வெறும் தண்ணீர்த் தட்டுப்பாடு. எங்கள் வெயிலைச் சொல்லத் தேவையில்லை. பாணி மருந்தோடு தரும் 30 மில்லிலீற்றர் மூடிதான் உங்கள் கோப்பை. கால் மணிக்கு ஒரு மூடி, அதையும் இரண்டு மூன்று வாயாக. காலை 7 மணியிலிருந்து இரவு 8 மணிவரை விடாமல் போனால் ஒன்றரை லீற்றர் சேர்ந்துவிடும், அதுதான் நாளிலக்கு. ஒரு மூடியைத் தவறவிட்டால் அடுத்ததில் இரண்டாக ஊற்றிக் குடிக்கமுடியாது, வாந்திதான் வரும். வெள்ளிக்கிழமை விரதம், கந்தசஷ்டி எல்லாவற்றுக்கும் முதல் வருடம் விடுமுறை. சாமி கோபிக்காது.

இரண்டு வாரம் திரவம், அடுத்த இரண்டு வாரம் மசியல், பிறகு மென்சாப்பாடு, ஆறு முதல் எட்டு வாரத்தில் வீட்டுச் சாப்பாடு. முதலில் புரதம், சோறு பிறகுதான். நாளுக்கு 60 முதல் 80 கிராம் வேண்டும். அவித்த முட்டை ஒன்றில் 6 கிராம், சமைத்த சூரையோ பாரையோ 100 கிராமில் 20க்கு மேல். மீன் மலிந்த ஊரில் இருப்பது உங்களுக்கு வாய்ப்பு, புரதமாவுப் பேணிக்குக் காசு கொட்டவேண்டியதில்லை. பாண் உருண்டையாகி அடைக்கும், வறண்ட புட்டும் அப்படித்தான். சொதி விட்டு நனைத்த இடியப்பத்தில் தொடங்குங்கள். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக்கூடாது, அரைமணி இடைவெளி.

வாந்தியைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். இரண்டு மூன்று நாளாக ஒன்றும் தங்காமல் வாந்தி என்றால் உடம்பிலுள்ள தயமின், அதாவது பி1 விற்றமின், சில வாரங்களில் தீர்ந்துவிடும். அது தீர்ந்தால் கண் இரண்டாகத் தெரியும், கண்மணி ஆடும், நடை தள்ளாடும், பேச்சுக் குழம்பும். மூளைச்சேதம், நிரந்தரமாகவும் ஆகலாம். இதில் ஒரு பொறி இருக்கிறது. வாந்தியோடு ஓபிடிக்குப் போனால் சோர்வாக இருக்கிறார் என்று டெக்ஸ்ரோஸ் சேலைன் ஏற்றுவது வழக்கம். தயமின் இல்லாத உடம்பில் அந்தச் சீனித்தண்ணீர் மிச்சமிருந்த கொஞ்சத்தையும் எரித்து, மணித்தியாலக் கணக்கில் ஆளைக் கவிழ்த்துவிடும். தயமின் ஊசி முதலில், டெக்ஸ்ரோஸ் பிறகு. ஊசி மலிவு, எந்த வைத்தியசாலையிலும் கேட்கக்கூடியது. கேட்கவேண்டும் என்று தெரிந்திருக்கவேண்டும், அவ்வளவுதான்.

உங்கள் குளிசைகளும் மாறும். எம்பாகிளிபுளோசினைச் சத்திரசிகிச்சைக்குக் குறைந்தது 3 நாள் முன்பே நிறுத்தவேண்டும். இல்லையானால் பட்டினியோடு சேர்ந்து இரத்தம் அமிலமாகும், அப்போது குத்திப்பார்க்கும் சீனி அளவு கிட்டத்தட்டச் சரியாகவே காட்டும், அதுதான் ஏமாற்று. முன்னோட்டமாக இரண்டு வாரம் நாளுக்கு 800 முதல் 1,000 கலோரி உணவு தருவார்கள், கொழுத்த ஈரல் சுருங்கி வழிவிடுவதற்காக. கிளிக்கிளசைட்டை அப்போதே குறைக்காவிட்டால் சீனி இறங்கி மயங்குவீர்கள். வெட்டிய பிறகு பெரும்பாலும் அதை நிறுத்திவிடுவார்கள். மெற்போமின் மெதுவாகக் கரையும் வகையானால் சாதாரண வகைக்கு மாற்றவேண்டும். நிறை இறங்க இறங்க அதே பிரெஷர்க் குளிசை உடம்புக்கு மிஞ்சிப்போகும், எழும்பும்போது தலைசுற்றினால் அதுதான். 6 வருடச் சீனி, இன்சுலின் இல்லை என்ற உங்கள் நிலை நல்ல அறிகுறி. வருத்தம் அடங்கி மருந்தில்லாமல் இருக்க வாய்ப்பு உண்டு, ஆனால் வருடாந்தக் கண், கால் பரிசோதனையை விடக்கூடாது.

முடி கொட்டும், மூன்றாம் மாதத்திலிருந்து. பயப்படவேண்டாம், பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள் திரும்ப முளைக்கும். தோல் தொங்கும், அது போகாது. வேகமாக மெலிகிறவர்களுக்குப் பித்தப்பையில் கல் விழும், முதல் ஆறு மாதம் அர்சோடியொக்சிகோலிக் அமிலக் குளிசை போட்டால் நன்றாகக் குறையும். உங்களுக்குப் பித்தப்பை இருந்தால் அதைக் கேட்டு எழுதுவித்துக்கொள்ளுங்கள், எழுத மறக்கிறவர்கள் உண்டு.

“ஒருதரம் செய்தால் முடிந்ததா?” இல்லை. அங்கேதான் தொடங்குகிறது. சாகும்வரை பலவிற்றமின், இரும்பு, கல்சியம், விற்றமின் டி, பி12. மாதவிடாய் உள்ள உங்களுக்கு இரும்பு நாளுக்கு 45 முதல் 60 மில்லிகிராம், கல்சியம் 1,200 முதல் 1,500 மில்லிகிராம், இரண்டுக்கும் இடையில் இரண்டு மணித்தியாலம், இல்லையானால் ஒன்றையொன்று தடுத்துவிடும். இரும்புக் குளிசைக்கு மேல் பிளேன்ரீ குடித்தால் குளிசையைக் கடலில் போட்டதற்குச் சமம். பி12ஐ மாதம் ஒரு 1,000 மைக்ரோகிராம் ஊசியாகப் போட்டுவிட்டால் மறதிக்கு இடமில்லை. முதல் வருடம் மூன்று ஆறு மாதத்தில், பிறகு வருடாவருடம் இரத்தப் பரிசோதனை: ஹீமோகுளோபின், இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெரிற்றின், பி12, விற்றமின் டி, கல்சியம், ஈரல், சிறுநீரகம். இவற்றில் சிலதைத் தனியார் ஆய்வுகூடத்தில்தான் செய்யவேண்டி வரும். கணவர் காசைப் பார்க்காதே என்கிறாரல்லவா, அந்தக் காசில் 10 வருடத்துக்கான குளிசைக்கும் பரிசோதனைக்கும் முதலிலேயே ஒதுக்கச் சொல்லுங்கள். நாலாம் வருடம் “நான் நல்லாத்தானே இருக்கிறேன்” என்று குளிசையை விடுகிறவருக்கு ஏழாம் வருடம் பாதம் மரக்கும், எலும்பு தேயும்.

நிறை இறங்கத் தொடங்கியதும் கரு தரிக்கும் வாய்ப்புச் சட்டென்று கூடும். கணவர் லீவில் வருவதை யோசித்துத்தான் சொல்கிறேன். 12 முதல் 18 மாதம் கர்ப்பம் கூடாது. பைபாசுக்குப் பிறகு வாய்வழி மாத்திரையை நம்பமுடியாது. லூப்போ கையில் வைக்கும் இம்பிளான்றோ உங்கள் பகுதிக் குடும்பநல கிளினிக்கில் பேசி முன்கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள்.

இறங்கிய நிறை அப்படியே நிற்குமா? ஸ்லீவில் சராசரியாக உடல்நிறையில் 25 வீதம், பைபாசில் 30 வீதம்வரை இறங்கும், உங்களுக்கு 26 முதல் 31 கிலோ. 104 கிலோ 75 ஆகலாம், 55 ஆகாது. ஒன்றரை வருடத்தில் அடிமட்டம், பிறகு பலருக்குக் கொஞ்சம் ஏறும். கவலைக்குச் சாப்பிடுகிற பழக்கம் இருந்தால் சத்திரசிகிச்சை அதைத் தீர்க்காது. சிலர் சாப்பாடு போன இடத்தில் மனச்சோர்வில் விழுகிறார்கள், சிலர் மதுவில். முன்பு மனச்சோர்வுக்கு மருந்து எடுத்திருந்தால் ஒளிக்காமல் சொல்லுங்கள், அதற்காக யாரும் உங்களைத் திருப்பி அனுப்பமாட்டார்கள்.

நிறை குறைக்க வாரத்துக்கொருதரம் போடும் ஊசியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் முடிவெடுக்குமுன் அதையும் மேசைமேல் வைக்கவேண்டும். செமகுளுரைட் ஒன்றேகால் வருடத்தில் சராசரி 15 வீதம் நிறையைக் குறைத்தது, ரிர்செபரைட் உயர்ந்த அளவில் 20 வீதமளவு. செமகுளுரைட்டை நிறுத்தியவர்களுக்கு ஒரு வருடத்தில் இறங்கியதில் மூன்றில் இரண்டு பங்கு ஏறிவிட்டது. ஆக அதுவும் நீண்டகாலச் செலவு. உங்கள் பிஎம்ஐக்கு ஊசி மட்டும் போதுமா என்பது சந்தேகம். ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போது சத்திரசிகிச்சைக்குப் போனால் மயக்கமருந்து நிபுணரிடம் சொல்லியே ஆகவேண்டும், இரைப்பை காலியாகப் பிந்துவதால் மயக்கத்தில் சாப்பாடு நுரையீரலுக்குள் போகலாம்.

கொழும்பா சென்னையா? நகரத்தைக் கேட்காதீர்கள், வெட்டுகிறவரைக் கேளுங்கள். வருடத்துக்கு எத்தனை ஸ்லீவ், எத்தனை பைபாஸ் செய்கிறீர்கள், கடைசி நூறில் எத்தனை கசிந்தன? இத்தனை வருடத்தில் ஒரு கசிவுமே இல்லை என்பவர் ஒன்றில் மிகக் கொஞ்சம் செய்தவர், இல்லை எண்ணாதவர். இரவு 2 மணிக்கு நாடி 120 என்றால் போனை எடுப்பவர் யார், நீங்களா, கூப்பிட்டால் வரும் இளம் வைத்தியரா? அதே கட்டடத்தில் சிடி ஸ்கான், எண்டோஸ்கொப்பி, தீவிர சிகிச்சைப் பிரிவு இரவிலும் இயங்குமா? கசிந்தால் வரும் செலவு பக்கேஜுக்குள்ளா வெளியேயா? கடைசிக் கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். சென்னையில் அனுபவசாலிகள் நிறையப் பேர் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் ஐந்தாம் நாள் விமானமேறி வந்துவிட்டு, இரண்டாம் வாரம் இங்கே கசிந்தால், யாரோ செய்ததை யாரோ திறக்கவேண்டி வரும். எங்கே செய்தாலும் இரண்டு வாரம் அந்த நகரத்திலேயே அறை எடுத்துத் தங்குங்கள். எதற்கும் முன்பு திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையில் உங்களைப் பார்க்கும் சத்திரசிகிச்சை நிபுணரிடமும் சீனிக் கிளினிக் வைத்தியரிடமும் போய், “இப்படிச் செய்யப்போகிறேன், பிறகு உங்களிடம்தான் வருவேன்” என்று சொல்லிவிடுங்கள். ஒளித்துச் செய்கிறவர்கள்தான் பிறகு வருத்தம் வந்தும் போகக் கூச்சப்பட்டுப் பிந்துகிறார்கள்.

குறட்டையை விட்டுவிடவேண்டாம். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்று பரிசோதிக்கவேண்டும். இருந்தால் தூக்கத்தில் காற்றுத் தரும் முகமூடி இயந்திரத்தைச் சத்திரசிகிச்சைக்கு முன்பே பாவித்துப் பழகி, வாட்டுக்கும் கொண்டுபோகவேண்டும். தெரியாமல் மோர்பின் வகை வலிமருந்து கொடுத்தால் முதலிரவில் மூச்சு அடங்கிவிடலாம். மூன்று மாதச் சீனிச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 8க்குக் கீழே இறங்கட்டும், பெரிற்றின், பி12, விற்றமின் டி குறைவிருந்தால் இப்போதே நிரப்புங்கள். டிசெம்பர் விடுமுறையைக் குறிவைத்தால் இதற்கெல்லாம் நேரம் போதும். வகுப்பில் நின்று கத்திக்கொண்டே கால்மணிக்கொரு மூடி தண்ணீர் குடிக்கமுடியாது, ஒரு மாதமாவது வீட்டில் இருக்கவேண்டும். கிணற்று வாளி ஆறு வாரத்துக்கு வேண்டாம்.

சத்திரசிகிச்சை முடிந்து டிக்கற் வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது வெறும் டயக்னோசிஸ் காட்டை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். என்ன முறை, குடல் எத்தனை சென்ரிமீற்றர் விட்டுப் பொருத்தப்பட்டது, எந்தத் திகதி என்று விபரமான குறிப்பைக் கேளுங்கள். அதோடு ஒரு சின்ன அட்டையில் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் இதை எழுதி லமினேற் செய்து கிளினிக் கொப்பியின் முன்பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். 1990க்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸில் வருகிறவருக்கும் கந்தளாயில் இரவுக் கடமையில் இருப்பவருக்கும் அதுதான் உங்களுக்காகப் பேசும்:

“எனக்கு வயிற்றுப் பைபாஸ் செய்யப்பட்டிருக்கிறது. திகதி —, வைத்தியர் தொலைபேசி —. நாடி 120க்கு மேல், மூச்சு முட்டல், இடது தோள்வலி: கசிவா, இரத்தக்கட்டியா என்று பார்க்கவும். சாப்பிட்டதும் முறுக்கும் வயிற்றுவலி: குடல் முறுக்கா என்று சத்திரசிகிச்சை நிபுணருக்குக் காட்டவும். தொடர் வாந்தி: தயமின் ஊசிக்குப் பிறகே டெக்ஸ்ரோஸ். மூக்குவழிக் குழாயைப் பார்க்காமல் இறக்கவேண்டாம். டைக்ளோபெனாக் வேண்டாம்.”